ஒரு லாட் கேபிள்

"ஃபைபர் ஆப்டிக் கேபிள் – 1 லாட்."

சொத்துப் பதிவேட்டில் இருந்தது இவ்வளவுதான். வாங்கிய ஆண்டு 2014. ஆயுள் 6 வருடம். இன்றைய மதிப்பு, வாங்கிய விலையில் 5 சதவீதம்.

சென்னைக்கு வெளியே ஒரு டேட்டா சென்டர். பெயர் வேண்டாம். அதன் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இரண்டு மாத இன்டர்ன்ஷிப் வந்திருந்தான் பி.காம் கடைசி வருட மாணவன் ஒருவன். அவன் பெயரும் வேண்டாம். டேலியில் வவுச்சர் போடச் சொல்வார்கள், ஏசி ரூமில் காலத்தை ஓட்டிவிட்டு சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்து வந்தவன். மேனேஜர் கையில் கொடுத்தது இரண்டு வேலை.

ஒன்று, பதிவேட்டில் உள்ள சொத்தெல்லாம் உண்மையிலேயே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது. இரண்டு, புதிதாகக் கட்டும் ஹாலுக்கு ஃபைபர் கேபிள் போட மூன்று கம்பெனிகள் கொடுத்திருந்த கொட்டேஷன்களை ஒப்பிட்டு ஒரு ஸ்டேட்மென்ட் தயாரிப்பது.

"எது எல்1-னு போட்டுக் குடுப்பா. வெள்ளிக்கிழமை கமிட்டி இருக்கு."

காமர்ஸ் படிப்பவர்களுக்கு எல்1 தெரிந்திருக்கும். யார் விலை குறைவோ அவர் எல்1. மூன்று கட்டம், ஒரு கூட்டல். அரை மணி நேர வேலை.

முதல் வேலையில்தான் சிக்கல் வந்தது. சர்வருக்கு பார்கோடு ஒட்டியிருக்கும், எண்ணலாம். ஒரு லாட் கேபிளை எப்படி எண்ணுவது?

மஞ்சள், ஆரஞ்சு, கடல் நீலம்

கேபிளுக்குப் பொறுப்பான டெக்னீஷியன் விருதுநகர் பக்கத்துக்காரர். நாற்பது வயது தாண்டியவர். கையில் டார்ச், இடுப்பில் ஒரு சின்னப் பை. "கேபிள் எண்ணவா வந்திருக்க? வா தம்பி, எண்ணு" என்று சிரித்துக்கொண்டே ஹாலுக்குள் கூட்டிப் போனார்.

உள்ளே போனதும் ஃபேன் இரைச்சல். காதோடு காதாகப் பேசினால்தான் கேட்கும். தலைக்கு மேலே மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் வாய்க்கால் மாதிரி ட்ரேக்கள் ஓடின. அதில் மஞ்சள், ஆரஞ்சு, வெளிர் கடல் நீலம் என்று பல நிறக் கேபிள்கள்.

நிறம் அழகுக்கு இல்லை என்றார் அவர். மஞ்சள் என்றால் சிங்கிள் மோட். ஆரஞ்சு பழைய மல்டி மோட், அதாவது ஓஎம்1 அல்லது ஓஎம்2. கடல் நீலம் ஓஎம்3 அல்லது ஓஎம்4. ஓஎம்4-க்கு சிலர் ஊதாவும் போடுவார்கள். ஓஎம்5 என்றால் எலுமிச்சைப் பச்சை.

உள்ளே இருப்பது எல்லாவற்றிலும் கண்ணாடி இழைதான். வெளி விட்டமும் எல்லாவற்றுக்கும் ஒன்றே, 125 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. வித்தியாசம் நடுவில் ஒளி ஓடும் பாதையில் இருக்கிறது. மல்டி மோடில் அந்தப் பாதை 50 மைக்ரான் (பழைய ஓஎம்1-ல் 62.5). சிங்கிள் மோடில் சுமார் 9 மைக்ரான்.

பாதை அகலமாக இருந்தால் ஒளியை உள்ளே செலுத்துவது சுலபம். அதனால் லேசர் மாட்யூல் மலிவு. ஆனால் அகலமான பாதையில் ஒளி பல வழிகளில் போகிறது. ஒரே நேரத்தில் கிளம்பிய கதிர்கள் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும். வேகம் கூடக் கூட அந்த முன்னே பின்னேதான் தலைவலி. சிங்கிள் மோடில் ஒரே வழி. கிலோமீட்டர் கணக்கில் கலங்காமல் போகும். ஆனால் 9 மைக்ரானுக்குள் குறி தவறாமல் ஒளியைச் செலுத்த வேண்டும் என்பதால் மாட்யூல் விலை அதிகம்.

இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பஞ்சாபிக்காரர் இருக்கிறார் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹரால்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்த முடியும் என்று 1954-ல் நேச்சர் இதழில் எழுதினார். 1966-ல் சார்லஸ் காவ், இழைக்குள் ஒளி இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவந்தால் தகவல் தொடர்புக்கே பயன்படுத்தலாம் என்றார். 20 டெசிபல் இழப்பு என்றால் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். அதையே அன்று பெரிய லட்சியம் என்று வைத்திருந்தார்கள். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் அதைத் தாண்டியது. காவுக்கு 2009-ல் நோபல் கிடைத்தது. கபானிக்குக் கிடைக்கவில்லை.

சரி, ஹாலுக்கு வருவோம்.

தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிளின் முனையைக் கையில் எடுத்து, வெளிச்சம் வருகிறதா என்று கண்ணுக்கு நேராகப் பிடித்தான் அவன். அடுத்த நொடி அவர் கை குறுக்கே வந்தது.

"கண்ணுல வைக்காத தம்பி! இதுல வர்ற வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல."

850, 1310 நானோமீட்டர் அலைநீளங்கள் அகச்சிவப்பு. கண் பார்க்காது, ஆனால் விழித்திரை வாங்கிக்கொள்ளும். இந்த வேலையில் முதல் பாடமே இதுதானாம்.

எல்1-ல் ஒரு ஓட்டை

அன்று மாலை கொட்டேஷன்களை விரித்து வைத்தான். "10 ஜிகாபிட்டுக்கு ஏற்ற ஃபைபர் கேபிளிங்" என்று மட்டுமே டெண்டரில் எழுதியிருந்தார்கள். அதனால் ஒரு கம்பெனி ஓஎம்3 கொடுத்திருந்தது, இன்னொன்று ஓஎம்4, மூன்றாவது சிங்கிள் மோட். மூன்றும் தகுதிதான். ஓஎம்3 எல்1.

வரி வரியாகப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. சிங்கிள் மோட் கொட்டேஷனில் கேபிளின் விலை மற்ற இரண்டையும் விடக் குறைவு. மொத்தத்தை ஏற்றிவிட்டது மாட்யூல்கள்தான். அதாவது, ஒப்பிடப்படுவது கேபிளின் விலையே இல்லை!

மறுநாள் காலையில் அவரிடம் போய்க் கேட்டான். புது ஹாலில் மிக நீளமான ஓட்டம் எவ்வளவு?

"85 மீட்டர். ஏன் கேக்குற?"

அவர் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்துக் காட்டினார். அதில் இருந்த கணக்கு இது:

ஓஎம்1 – 1 ஜிகாபிட்டுக்கு 275 மீட்டர். 10 ஜிகாபிட்டுக்கு 33 மீட்டர்.
ஓஎம்3 – 10 ஜிகாபிட்டுக்கு 300 மீட்டர். 40-க்கு 100 மீட்டர். 100-க்கு 70 மீட்டர்.
ஓஎம்4 – 10 ஜிகாபிட்டுக்கு 400 மீட்டர். 40-க்கு 150 மீட்டர். 100-க்கு 100 மீட்டர்.
சிங்கிள் மோட் – மாட்யூலைப் பொறுத்து 500 மீட்டர், 2 கி.மீ., 10 கி.மீ.

கேபிள் சுருங்கவில்லை. அதே கேபிள்தான். வேகம் ஏற ஏற, அது தாங்கும் தூரம் குறைகிறது. 85 மீட்டருக்கு ஓஎம்3 போட்டால் 10 ஜிகாபிட் ஜம்மென்று போகும், 40-ம் போகும். 100-க்கு மாறும் நாளில் மொத்தத்தையும் பிடுங்கிப் போட வேண்டும். எல்1 என்று கட்டம் கட்டியதில் இந்த 15 மீட்டர் எங்கேயும் இல்லை.

இதில் இன்னொரு கொக்கி. 10 ஜிகாபிட்டுக்கு இரண்டு இழை போதும், போக ஒன்று, வர ஒன்று. மல்டி மோடில் 40-க்கும் 100-க்கும் பரவலாகப் பயன்படும் முறையில் எட்டு இழை வேண்டும். அதற்கு எம்பிஓ என்ற கனெக்டர். அதில் பன்னிரண்டு இழை இருக்கும். எட்டு வேலை செய்யும், நான்கு சும்மா கிடக்கும். காசு கொடுத்து வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு வேலையே செய்யாது.

ஒளி இழப்புக்கும் ஒரு பட்ஜெட் உண்டு. ஓஎம்3-ல் 10 ஜிகாபிட்டுக்கு 2.6 டெசிபல் வரை இழக்கலாம், 100-க்கு 1.8 தான். ஒவ்வொரு கனெக்டர் இணைப்பும் அதிகபட்சம் 0.75 வரை தின்னலாம் என்பது தர விதி. வழியில் மூன்று இணைப்பு வைத்தால் அதுவே 2.25. 10-க்குத் தேறும், 100-க்குத் தேறாது. வீட்டுச் செலவு மாதிரிதான். சம்பளம் குறைந்தால் பழைய செலவுகள் அப்படியே இருக்க முடியாது. அதனால்தான் குறைந்த இழப்புக் கனெக்டர்களைக் கேட்டு வாங்குவதும், தேவையில்லாத இணைப்புகளைத் தவிர்ப்பதும்.

ஃபேஸ்புக் போட்ட கணக்கு

இந்தக் கணக்கை மிகப் பெரிய அளவில் போட்டவர்களும் உண்டு. ஃபேஸ்புக் (2021 முதல் மெட்டா) 100 ஜிகாபிட்டுக்கு மாறும்போது இரண்டு இழை சிங்கிள் மோட் என்று முடிவெடுத்து, 2017-ல் அதன் காரணங்களை வெளிப்படையாக எழுதியது. கேபிளை ஒருமுறை போட்டால் அடுத்தடுத்த தலைமுறை மாட்யூல்களுக்கும் அதுவே உதவ வேண்டும் என்பது முக்கியக் காரணம்.

மாட்யூல் விலை? அங்கேதான் சாமர்த்தியம். சந்தையில் இருந்த மாட்யூல் 2 கி.மீ. தூரம் போகும், 0 முதல் 70 டிகிரி வரை வெப்பம் தாங்கும். தங்கள் கட்டடத்துக்கு 500 மீட்டர் போதும், 15 முதல் 55 டிகிரி போதும் என்று ஃபேஸ்புக் கேட்டது. தேவையில்லாததைக் கழித்ததும் தயாரிப்பது சுலபமானது, விலையும் இறங்கியது. அந்த அளவுகோலை மற்றவர்களும் பயன்படுத்த ஓப்பன் கம்ப்யூட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விலை பேசுவதற்கு முன்னால் தேவை என்ன என்பதைச் சரியாக எழுத வேண்டும். அங்கே எழுதினார்கள். இங்கே டெண்டரில் ஒரே ஒரு வரி.

6-ம் 18-ம்

காமர்ஸ் படிப்பு கைகொடுத்தது இந்த இடத்தில்தான். கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாவது அட்டவணையில் ஒவ்வொரு சொத்துக்கும் ஆயுள் போட்டிருக்கும். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துபோகிற பகுதி. சர்வர் மற்றும் நெட்வொர்க்குக்கு 6 வருடம். அதே அட்டவணையில் டெலிகாம் பகுதியில் கேபிள், ஆப்டிகல் ஃபைபருக்கு 18 வருடம்.

இந்த டேட்டா சென்டர் டெலிகாம் கம்பெனி இல்லை, அதனால் கேபிளையும் நெட்வொர்க் கணக்கில் சேர்த்து 6 வருடத்தில் எழுதித் தள்ளிவிட்டார்கள். ஆனால் கண்ணாடிக்கு அது தெரியுமா? 2014-ல் போட்ட லாட் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புத்தகத்தில் 5 சதவீதம், ட்ரேயில் முழு வேலை.

ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஸ்விட்சும் மாட்யூலும் மாறும் என்று வைத்தால், 18 வருடம் இருக்கும் கேபிள் மூன்று தலைமுறைகளைப் பார்க்கும். மாட்யூல் விலையையும் கேபிள் விலையையும் ஒன்றாகக் கூட்டி எல்1 போடுவது, வீட்டு மனையின் விலையையும் அதில் போடும் சோபாவின் விலையையும் கூட்டி எந்த மனை மலிவு என்று சொல்வது மாதிரி.

ரெட்டைப் பதிவு

கேபிளைத் தேர்ந்தெடுப்பதோடு கதை முடிவதில்லை. எண்ணும் வேலை பாக்கி இருந்தது. ஒரு வாரம் அவரோடு சுற்றினான்.

ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனை. இரண்டு முனையிலும் லேபிள் இருக்க வேண்டும். அதில் இந்த முனை எங்கே இருக்கிறது, அந்த முனை எங்கே போகிறது இரண்டும் இருக்க வேண்டும். எந்த ரேக், எந்த பேனல், எந்த போர்ட். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். பி.காம் முதல் வருடத்தில் சொல்லிக்கொடுக்கும் ரெட்டைப் பதிவேதான்!

அந்த ஹாலில் இருப்பாய்வு டேலி ஆகவில்லை. சில கேபிள்களுக்கு ஒரு முனையில் மட்டும் லேபிள். சிலவற்றில் இரண்டு முனையும் வேறு வேறு கதை சொன்னது. சில கேபிள்கள் எங்கிருந்தோ வந்து எங்கேயும் போகாமல் ட்ரேயில் செத்துக் கிடந்தன. யாரும் எடுக்கவில்லை. எதைத் தொட்டால் எது அறுமோ என்ற பயம். வராக்கடனைத் தள்ளுபடி செய்யாமல் வருடா வருடம் சுமப்பது போல. அமெரிக்காவில் இப்படிக் கைவிட்ட கேபிள்களை அகற்றியே ஆக வேண்டும் என்று 2002-லேயே மின் விதித் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள், தீப்பிடித்தால் எரிபொருளாகிவிடும் என்பதால்.

மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது அவர் சொன்னார். பல வருடம் முன்னால், வேறொரு இடத்தில், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பழைய கேபிளை எடுக்கச் சொல்லி உத்தரவு. லேபிளைப் பார்த்து, சரிபார்த்து, பிடுங்கினார். அது உயிரோடு இருந்த இணைப்பு. லேபிளைத் தப்பாக ஒட்டியது முன்னால் வேலை பார்த்த கான்ட்ராக்ட்காரர்கள். அவர்கள் அப்போது அங்கே இல்லை. பிடுங்கியவர் இருந்தார்.

"அந்த வருஷம் இன்க்ரிமென்ட் போச்சு தம்பி. அதுகூடப் பரவால்ல. நான் கவனமில்லாத ஆளுன்னு எழுதிட்டாங்க."

"லேபிள்தான் தப்புன்னு நீங்க சொல்லலையாண்ணே?"

"சொன்னேன். ரெக்கார்டுல காட்டுன்னாங்க. ரெக்கார்டு எங்க இருக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை. அவன் மேஜையில் இருந்த ரெக்கார்டு "1 லாட்" என்று சொன்னது.

அதற்குப் பிறகு அவர் செய்கிற ஒவ்வொன்றும் அவனுக்கு வேறு மாதிரி தெரிந்தது. எந்தக் கேபிளையும் செருகுவதற்கு முன்னால் முனையைச் சின்ன மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். ஒன்றைக் காட்டினார். நடுவில் ஒரு வட்டம், அதன் மேல் ஒரு புள்ளி. சட்டையிலிருந்து விழுந்த தூசியாக இருக்கலாம். 9 மைக்ரான் பாதையில் அது பாறாங்கல். துடைக்காமல் செருகினால் அந்தத் தூசி எதிரில் உள்ள கண்ணாடி மேலும் அழுந்திவிடும், இரண்டுமே கெடும். பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து 'டிக்' என்று ஒரு அழுத்து. மறுபடி பார்ப்பார். அப்புறம்தான் செருகுவார். பயன்படுத்தாத போர்ட்டுக்கெல்லாம் மூடி.

கேபிளை இறுக்கிக் கட்டமாட்டார். பிளாஸ்டிக் டை போட்டால் கண்ணாடி நசுங்கும் என்று வெல்க்ரோ பட்டைதான். வளைவு கேபிள் விட்டத்தைப் போலப் பத்து மடங்காவது இருக்கும்படி விடுவார். அதைவிட மடக்கினால் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். பச்சைக் கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்ந்திருக்கும், நீலத்தின் முகம் நேராக இருக்கும். இரண்டையும் சேர்த்துச் செருகக்கூடாது. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பாதை என்றால் இரண்டும் ஒரே ட்ரேயில் போகக்கூடாது. ட்ரே விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும், பேருக்குத்தான் இரண்டு.

எதுவும் பெரிய வித்தை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கும் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை

கமிட்டிக்கு முன்னால் அவன் மேனேஜரிடம் இரண்டு பக்கம் கொடுத்தான். முதல் பக்கத்தில் கேட்டபடி எல்1. இரண்டாம் பக்கத்தில் 85 மீட்டர், 70 மீட்டர், 6 வருடம், 18 வருடம், மாட்யூலையும் கேபிளையும் பிரித்துப் போட்ட கணக்கு. கடைசியில் மூன்று வரி: ஹாலின் முதுகெலும்பு ஓட்டங்களுக்கு சிங்கிள் மோட் என்று டெண்டரில் தெளிவாக எழுத வேண்டும். ரேக்குக்கு உள்ளேயே முடிகிற சில மீட்டர் ஓட்டங்களுக்குத் தாமிரக் கேபிளே போதும், அங்கே ஃபைபர் வீண் செலவு. இரண்டு முனை லேபிளும், ஒவ்வொரு இழையின் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கொடுத்தால்தான் கடைசித் தவணைப் பணம்.

"உன்னை எல்1 போடச் சொன்னேன். நீ எனக்குப் பாடம் நடத்துற" என்றார் மேனேஜர். ஆனால் இரண்டாம் பக்கத்தைக் கிழிக்கவில்லை. உள்ளே எடுத்துப் போனார்.

கமிட்டியில் ஒரு மணி நேரம் ஆனது. முடிவு, டெண்டரைத் திருத்தி மறுபடி கொட்டேஷன் வாங்குவது. வேலை இரண்டு வாரம் தள்ளிப் போனதில் புரொஜெக்ட் பிரிவுக்குக் கோபம். யாரும் பாராட்டவில்லை. புதுக் கொட்டேஷன்கள் வருவதற்குள் அவன் இன்டர்ன்ஷிப்பே முடிந்துவிட்டது.

முதல் வேலையை மட்டும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினான். "1 லாட்" என்ற ஒரு வரிக்கு இணைப்பாக எக்செல்லில் ஒரு பட்டியல். ஒரு கேபிளுக்கு ஒரு வரி. இந்த முனை, அந்த முனை, வகை, நீளம், கடைசியாகச் சரிபார்த்த தேதி, சரிபார்த்தவர். இரண்டு முனையும் ஒத்துப்போகாதவை சிவப்பில். சிவப்பு நிறையவே இருந்தது.

அதன் பிரிண்ட் ஒன்றை டெக்னீஷியனுக்கும் கொடுத்தான். அவர் நின்றபடியே புரட்டினார். சிவப்பு வரிகளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கடைசிக் கட்டத்தைக் காட்டிக் கேட்டார்.

"தேதிக்குப் பக்கத்துல பேரு எதுக்கு தம்பி?"

"யாரு பார்த்தாங்கன்னு தெரியணும்ல அண்ணே. நாளைக்கு யாராவது கேட்டா, ரெக்கார்டுல இருக்குன்னு சொல்லலாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்து, தூரக் கணக்கு எழுதிய பழைய தாளோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.